ஓடை ஜோக்குக்கு அஞ்சு மார்க்

"நீங்கதான் சிரிச்ச அம்மாவா?"

இரண்டு சனிக்கிழமைகளுக்கு முன்பு, காலை நேரம். எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்து இப்படித்தான் கேட்டார். வணக்கம் இல்லை. யார், எவர் என்ற அறிமுகம் இல்லை. எடுத்த எடுப்பில் இந்தக் கேள்வி.

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. உடம்புக்கு என்ன, வெளியூர் போய்விட்டீர்களா என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உட்கார்ந்து நாலு வரி டைப் செய்தால், அதுவே நாலு வரியையும் அழித்துவிடுகிறது. இன்றைக்கும் முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எழுதிவிடுகிறேன். ஏனென்றால்... இந்த விஷயம் இந்தப் பத்தியில்தான் ஆரம்பித்தது.

சில வாரங்களுக்கு முன்பு, பழைய பத்திரிகைகள் நடத்திய வாசகர் நகைச்சுவைப் போட்டிகளைப் பற்றி எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? அஞ்சலட்டையில் ஜோக் எழுதி அனுப்பியது, ஒரு அட்டைக்கு ஒரு ஜோக்தான் என்ற கண்டிப்பு, பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைப் பட்டம் மாதிரிச் சேர்த்துக்கொண்டது... எத்தனை பேர் பதில் போட்டீர்கள்! மனைவி பெயரில் ஜோக் அனுப்பியவர், அதே ஜோக்கை மச்சினி பெயரிலும் அனுப்பி மாட்டிக்கொண்டவர், தன் ஜோக்குக்குப் போட்ட படம் ஜோக்கைக் கெடுத்துவிட்டது என்று இன்னும் பொருமுகிறவர் — எல்லோரும் வந்து ஆஜரானீர்கள்.

அதைப் படித்து எங்கள் வீட்டுக்காரருக்கும் பழைய ஜுரம் திரும்பிவிட்டது.

அவர் கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருக்கிறார் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். உரக்கடைக்கு முன்னால், திருக்கோவிலூரில் வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், அவர் ஜோக் எழுத்தாளர். பஸ் ஸ்டாண்ட் கடையில் நின்றபடியே பத்திரிகையைப் பிரித்து, தன் பெயர் இருந்தால் வாங்குவார். இல்லாவிட்டால் மடித்து வைத்துவிடுவார். "தம்பி, காசு குடுத்துப் படிச்சாத்தான் சிரிப்பு வரும்" என்று கடைக்காரர் திட்டுவாராம். ஒரு முறை முதல் பரிசு கிடைத்தது. சுவர்க் கடிகாரம்.

ஜுரம் திரும்பியதும் மனிதர் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டியை அறிவித்துவிட்டார். குழுவில் இருப்பது நாலே பேர்தான். நான், அவர், எங்கள் ஒரே மகள் பவித்ரா, சின்னசேலத்தில் இருக்கும் என் நாத்தனார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆளுக்கொரு ஜோக். பத்துக்கு மார்க். நடுவர் அவரே. நடுவரின் தீர்ப்பே இறுதியானது!

விதிகள் எல்லாம் அந்தக் காலத்து விதிகள். அதில் ஒன்றில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஜோக்கின் கீழே, 'இது என் சொந்தக் கற்பனை என்று உறுதி கூறுகிறேன்' என்று எழுத வேண்டும். பழைய போட்டிகளில் அப்படித்தான் கேட்பார்கள். எழுதாத அட்டை குப்பைக் கூடைக்குப் போகும். என் நாத்தனார் எங்கிருந்தோ வந்த ஜோக்கை ஃபார்வர்டு செய்துவிட்டு, உறுதிமொழியும் தைரியமாகப் போடுவார். இவர் நிராகரிப்பார். உடனே சின்னசேலத்திலிருந்து வாய்ஸ் மெசேஜ் வரும்: "ஏன்டா, உனக்கு இன்னா பெரிய ஜட்ஜுன்னு நெனப்பா? உன் ஜோக்குக்கு உன் பொண்டாட்டியே சிரிக்கல, நீ எனக்கு மார்க்கு போடறியா?"

இப்படி ஜாலியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பவித்ராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை. போன வருஷம் அந்த வேலை வந்தபோது நான் வேண்டாம் என்றேன். கொஞ்ச நஞ்சமல்ல... சாப்பிடாமல் கிடந்து வேண்டாம் என்றேன். மலை, காடு, போனில் சிக்னல் கிடைக்காத இடம், தனியாக ஒரு வாடகை அறை. இங்கே கள்ளக்குறிச்சியில் இல்லாத பள்ளிக்கூடமா? அவள் அப்பாவைப் பிடித்து, அப்பா என்னைப் பிடித்து, கடைசியில் ஒரு டிரங்குப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து மேகம் கறுத்தால் நான் இங்கே போனைக் கையில் எடுத்துவிடுவேன். போன் எடுக்க ஐந்து நிமிஷம் தாமதமானால் நானே ஒரு விபத்தைக் கற்பனை செய்து முடித்திருப்பேன். அவளுக்கு அது தெரியும்.

இப்போது அந்த கேட்டுக்கு வருகிறேன்.

"எந்த அம்மா? யாரைக் கேக்கறீங்க?" என்றேன்.

"பவித்ரா டீச்சரோட அம்மா நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப நீங்கதான். நான் மலையிலேருந்து வர்றன். டீச்சர் பள்ளிக்கூடத்துல சோறாக்கறது நான்தான். சின்னப்பொண்ணுன்னு பேரு."

உள்ளே கூப்பிட்டேன். வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையிலிருந்த பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மூடி இல்லை. ஒரு பக்கம் நன்றாக நசுங்கியிருந்தது. திருப்பிப் பார்த்தேன். அடியில் என் இனிஷியலும் பெயரும். பாத்திரக் கடையில் வாங்கும்போதே வெட்டித் தருவார்களே, அந்த எழுத்து. நான் பவித்ராவுக்குக் கொடுத்துவிட்டதுதான்.

"தண்ணி வடிஞ்சப்பறம் கீழ்ப்பக்கம் மூங்கில் புதர்ல மாட்டிக்கினு இருந்திச்சி. டீச்சர் வாணாம்க்கா, தூக்கிப் போடுன்னிச்சி. நல்ல பாத்திரத்த யாராச்சும் போடுவாங்களா? மாமியாருக்கு மாத்திர வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தன். அப்படியே குடுத்துட்டுப் போலாம்னு..."

"எந்தத் தண்ணி?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"இன்னாம்மா இப்படிக் கேக்கறீங்க? டீச்சர் ஓடையில போச்சே... அந்தத் தண்ணிதான்."

என்ன நடந்தது என்று கேட்டேன்.

அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். என் வார்த்தையில் எழுத எனக்கு வரவில்லை.

"அன்னிக்கி எங்க பக்கம் மழையே இல்லம்மா. மேல எங்கியோ பேஞ்சிருக்கு. பள்ளிக்கூடம் உட்டு டீச்சர் முன்னால போவுது, நான் பாத்திரம் கழுவப் பின்னால வர்றன். ஓடையில கல்லு மேல கல்லு வச்சித் தாண்டுவோம், முழங்கால்கூட நனையாது. பாதி ஓட தாண்டியிருக்கும். செவசெவன்னு தண்ணி வந்துச்சி பாருங்க... குடைய இழுத்துக்கினு போச்சி. பைய இழுத்துச்சி. நான் கரையில நின்னுக்கினு கத்தறன். டீச்சர் ஒரு வேரப் பிடிச்சிக்கினு தொங்குது. நல்ல நேரம், எங்க வூட்டுக்காரரு மாட்ட ஓட்டிக்கினு அந்தப் பக்கம் வந்தாரு. மாட்டுக் கவுத்த அவுத்து வீசினாரு. அது ஒரு கையால பிடிச்சிச்சி. இழுத்துட்டோம்."

சொல்லி முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியாதா? டீச்சர் சொல்லிச்சே. 'எங்க வூட்ல சொல்லிட்டேன்க்கா, எல்லாரும் சிரிச்சாங்க'ன்னு. நான் நம்பல. பெத்தவ எங்கியாச்சும் சிரிப்பாளா? சரி, இன்னா மாதிரி மனுசின்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தன்... பாத்திரம் ஒரு சாக்கு."

என்னிடம் சொன்னாளா? எப்போது? நான் சிரித்தேனா?

போனை எடுத்தேன். வாட்ஸ்அப் குழு. அவசரத்தில் என்னென்னவோ திறந்தது. கடைசியில், அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேர்ந்தேன். இதோ, பவித்ரா அனுப்பியது:

ஒருவர்: ஓடையில தண்ணி எவ்வளவு போவுது?
மற்றவர்: ஒரு குடை, ஒரு ஜோடி செருப்பு, ஒரு டிபன் பாக்ஸ் போற அளவுக்கு.
ஒருவர்: ஆளு போற அளவுக்கு இல்லியா?
மற்றவர்: ஆளுக்கு இன்னும் கொஞ்சம் மழை பெய்யணும்!

அதன் கீழே என் நாத்தனார்: 'சூப்பர்டி கண்ணு.'

அதன் கீழே நான். விழுந்து விழுந்து சிரிக்கிற மஞ்சள் முகங்கள். வரிசையாக.

அதன் கீழே நடுவர்: 'தொடக்கம் நன்று. பட்டியல் நன்று. முடிவில் அழுத்தம் போதாது. மதிப்பெண் ஐந்து. சொந்தக் கற்பனை என்ற உறுதிமொழி இணைக்கப்படவில்லை. எனவே நிராகரிக்கப்படுகிறது.'

என் மகள் ஓடையில் போகப் பார்த்தாள். அதை எங்களிடம் சொன்னாள். நாங்கள் அஞ்சு மார்க் போட்டோம்.

உண்மையைச் சொல்லட்டுமா? நான் சிரிக்கக்கூட இல்லை. அன்றைக்கு அடுப்பில் குக்கர். ஒரு கையில் கரண்டி. மறு கையால் போனைத் தள்ளிவிட்டு, ஜோக் என்று தெரிந்ததும் அந்த முகங்களை அழுத்திவிட்டு விசிலை எண்ணப் போய்விட்டேன். படித்தேனா என்பதே சந்தேகம். கேள்வி, பதில், கடைசியில் ஆச்சரியக்குறி — இந்த வடிவம் கண்ணில் பட்டால் போதும், மூளை 'இது நிஜமில்லை' என்று முத்திரை குத்திவிடுகிறது. மகளின் செருப்பு தண்ணீரில் போவது கண் முன்னால் எழுதியிருக்கிறது. அம்மா சிரிக்கிறாள்!

கடைக்கு போன் போட்டேன். "கடைய மூடிட்டு வாங்க" என்றேன். என் குரலைக் கேட்டு அவர் காரணம் கேட்கவில்லை. வந்தவரிடம் போனை நீட்டினேன். மேஜைமேல் இருந்த டிபன் பாக்ஸைக் காட்டினேன். சின்னப்பொண்ணு இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னார்.

அவர் தான் எழுதிய தீர்ப்பைத் தானே படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார்.

"உறுதிமொழி இல்ல சுமதி... அதான் நான் நிராகரிச்சேன்" என்றார்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது, அது சமாதானம் சொல்லும் முகமாக இல்லை. எங்கேயோ தலையில் அடிபட்டவர் திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைச் சொல்வாரே... அந்த முகம்.

சின்னப்பொண்ணு அவரையும் விடவில்லை. "ஓ, மார்க்கு போட்டவரு நீங்கதானா?"

அன்றைக்கே கிளம்பினோம். சின்னப்பொண்ணு திரும்பிப் போகிற பஸ்ஸிலேயே ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏற ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கீழே எங்கே ஒரு கோடு பளபளத்தாலும் அது தண்ணீராகத் தெரிந்தது. பாதி மலையில், பக்கத்திலிருந்த இவர் திடீரென்று பேசினார்.

"நான் கடிகாரம் வாங்கினேனே... அந்த ஜோக் உனக்கு ஞாபகம் இருக்குதா?"

எனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்குமா? கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவர் சொன்ன ஜோக் அது. 'மழை வந்தால் உங்கள் வீடு ஒழுகுமா?' என்று ஒருவர் கேட்பார். 'ஒழுகினால் என்ன? நாங்கள் எல்லோரும் வெளியே போய் நின்றுகொள்வோம். அங்கேதான் குறைவாக நனையும்' என்று மற்றவர் சொல்வார்.

"அது எங்க வூடுதான்" என்றார்.

"எது?"

"திருக்கோவிலூர் வூடு. நாங்க அப்படித்தான் நின்னோம். அப்பா, அம்மா, அக்கா, நான்... எதிர்வூட்டுக்காரங்க சன்ஷேடுக்குக் கீழ. கற்பனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அடுத்த நாளு எழுதி, 'சொந்தக் கற்பனை'ன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அப்படிப் போட்டாத்தானே அச்சாகும்?"

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அந்த ஜோக்கை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். நாத்தனாரின் சம்பந்தி வீட்டுக்காரர்கள்கூட அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். நாத்தனாரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார் — அந்த மழையில் நின்ற அதே அக்கா! ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முன் சீட்டிலிருந்து சின்னப்பொண்ணு திரும்பினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

"அதுக்குக் கடியாரம் குடுத்தாங்களா? பேசாம கூரைக்கு நாலு ஓடு குடுத்திருக்கலாம்" என்றார்.

எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் பயமாகிவிட்டது. மறுபடியும் சிரிக்கிறேனே!

அந்தப் பழைய ஜோக் பக்கங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதில் யாராவது சந்தோஷமாக இருந்தார்களா? ஆபரேஷனுக்குப் பயந்து நடுங்கும் நோயாளி. கடன்காரனைப் பார்த்து ஒளிந்துகொள்கிறவர். மாமியாருக்குப் பயந்த மருமகள். பெண்டாட்டிக்குப் பயந்த கணவன். சம்பளம் போதாத குமாஸ்தா. வரன் அமையாத பெண். அடி வாங்குகிற பையன். வாரா வாரம் ஒரு ஊர் முழுக்க அஞ்சலட்டையில் தன் கஷ்டத்தை எழுதி, கீழே 'இதெல்லாம் கற்பனை' என்று கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறது. நாம் காபி குடித்துக்கொண்டே சிரித்திருக்கிறோம். சில வாரங்களுக்கு முன்பு இதே இடத்தில், 'அந்தக் காலத்து மனிதர்களின் கற்பனை வளம்' என்று நான் ஒரு வரி எழுதியிருந்தேன். இப்போது அந்த வரியை நினைத்தால் கூசுகிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தோம். முதலில் ஓடையைக் காட்டச் சொன்னேன். சின்னப்பொண்ணு காட்டினார்.

அவ்வளவுதானா?

கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். கண்ணாடி மாதிரி. அடியில் கூழாங்கல் தெரிகிறது. கல்மேல் கல்லாக வைத்த பாதையில் ஒரு ஆட்டுக்குட்டி குதித்துக் குதித்து அந்தப் பக்கம் போகிறது. நான் பெரிய ஆறாக, சுழலாக, பாறையாக என்னென்னவோ நினைத்து வந்திருந்தேன். இப்படி ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஓடுகிறதே என்பதுதான் எனக்கு ரொம்ப அதிர்ச்சியாக இருந்தது. சின்னப்பொண்ணு கரையில் ஒரு நாவல் மரத்தின் வேரைக் காட்டி, "இதத்தான் பிடிச்சிக்கினு இருந்திச்சி" என்றார். என் கட்டைவிரல் கனம்தான் இருக்கும் அந்த வேர்.

இவர் குனிந்து அந்த வேரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தாங்குமா என்று. எழுந்து நடந்தார்.

பவித்ரா அறை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். பின்னால் வந்த சின்னப்பொண்ணைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"அக்கா... வாணாம்னு சொன்னேன்ல?"

"நான் ஒண்ணும் சொல்லல டீச்சர். பாத்திரந்தான் குடுத்தன்."

அந்த வெயிலிலும் முழுக்கைச் சுடிதார் போட்டிருந்தாள். போய்க் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சிராய்ப்பு. காய்ந்து கறுத்துப்போன கோடுகள். கயிறு அறுத்த தடம் உள்ளங்கையில் தனியாகத் தெரிந்தது.

"ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னேனேம்மா. ஞாயித்துக்கிழம சொன்னேன்ல?"

"அது சொல்றதாடி? அது ஜோக்கு!"

"நேரா சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப?"

"அன்னிக்கே வந்து உன்னக் கூட்டிக்கினு போயிருப்பேன்."

"அதான்" என்றாள்.

அவளுக்கு யாரிடமாவது சொல்லவும் வேண்டியிருந்தது. சொல்லி அந்த வேலை போய்விடவும் கூடாது. மூன்று நாள் யோசித்திருக்கிறாள். குழுவில் ஞாயிற்றுக்கிழமை ஜோக் போட வேண்டும். போட்டுவிட்டாள். யாராவது ஒருவர், "ஏன் பவி, நெஜமாவா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். சிக்னல் வரும் இடம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறைதான். அந்தப் பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். முதலில் 'சூப்பர்டி கண்ணு' வந்தது. பிறகு என் மஞ்சள் முகங்கள். பிறகு அஞ்சு மார்க்.

இவருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏம்மா... ஒவ்வொரு வாரமும் உறுதிமொழி சரியா போடுவியே. அன்னிக்கி மட்டும் ஏன் போடல?"

"எப்படிப்பா போடறது? கற்பனை இல்லியே."

அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். பொய்க் கையெழுத்துப் போட்டவருக்குக் கடிகாரம் கிடைத்தது. பொய் எழுத மனசு வராதவளை அவரே நிராகரித்திருக்கிறார். இதை நான் சொல்லிக்காட்டவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பிறகு நான் என் வேலையை ஆரம்பித்தேன். "துணியெல்லாம் எடுத்து வை. இந்த பஸ்ஸுக்கே கிளம்பறோம். வேல வாணாம், ஒரு மண்ணும் வாணாம்." டிரங்குப் பெட்டியை இழுத்தேன். கொடியில் ஈரத்தோடு கிடந்த துணிகளை உருவினேன். அவள் தடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வந்துடறேம்மா. ஆனா இனிமே உனக்கு எதையும் சொல்ல மாட்டேன். ஜோக்காகூட."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் உள்ளே போய்க் குத்தியது. இருபத்து நாலு வயதுப் பெண். கீழே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். கள்ளக்குறிச்சியில் ஓடை இல்லை. ஆனால் ரோடு இருக்கிறது, லாரி இருக்கிறது, நாளைக்கு இன்னொரு வீடு, இன்னொரு ஊர் இருக்கிறது. அங்கேயெல்லாம் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. எது பெரிய ஆபத்து?

ஈரச் சுடிதாரைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

சின்னப்பொண்ணுதான் பேச்சைத் தொடங்கினார். "ஏம்மா, எங்க வூடு ஓடைக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடத்துக்கு அடுத்தாப்ல. தண்ணி வந்தா டீச்சர் அங்கியே படுத்துக்கட்டும். நான் இன்னா, வாணாம்னா சொல்லப் போறன்? நானும் கேட்டுக்கினுதான் இருக்கன், இதுதான் 'உங்களுக்கு எதுக்குக்கா தொந்தரவு'ன்னுது."

"மழையா இருந்தா அக்கா வூட்ல தங்கிடறேன். ஓடையில கால் வைக்கல. போதுமா?" என்றாள் பவித்ரா. "ஆனா ஒண்ணு. நான் நேரா சொன்னா நீ கத்தக் கூடாது. அழக் கூடாது. உடனே பஸ் ஏறி வந்து நிக்கக் கூடாது."

"கத்தல. பஸ் ஏறல" என்றேன். "அழாம இருக்க என்னால ஆவாது. போன வெச்சிட்டு அழுதுக்கறேன்."

அவள் சிரித்தாள். பிறகு, அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தாள் போல, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நல்ல அழுகை. குடை போனது, செருப்பு போனது, காலுக்குக் கீழே கல் நகர்ந்தது, எல்லாவற்றையும் வரிசை இல்லாமல் சொல்லிச் சொல்லி அழுதாள். இவர் அந்த வாசல்படியிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தோம்.

சாயங்கால பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மலை இறங்கினோம். பெட்டி அவள் அறையிலேயே இருந்தது. சரியாகத்தான் செய்தேனா? இதை எழுதும் இந்த நிமிஷம்வரை தெரியவில்லை. மத்தியானம் இடி இடித்தால் இப்போதும் எழுந்து போய் வானத்தைப் பார்க்கிறேன். மலை இருக்கிற திசையில் மட்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் குழுவில் என் நாத்தனார் கேட்டார்: 'இன்னாடா, இந்த வாரம் போட்டி இல்லியா?' இவர் 'இல்லை' என்று மட்டும் எழுதினார். பிறகு அக்காவுக்கு போன் செய்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். ரொம்ப நேரம் பேசினார்கள். திருக்கோவிலூர், சன்ஷேடு என்ற வார்த்தைகள் மட்டும் என் காதில் விழுந்தன.

வாசகர்களே, நீங்கள் அனுப்பிய ஜோக்குகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. சிறந்தவற்றை இங்கே வெளியிடுவதாகச் சொல்லியிருந்தேன். மன்னிக்க வேண்டும். அவற்றை இப்போது ஒவ்வொன்றாக மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறேன். சிலவற்றைப் படித்துவிட்டு, அனுப்பியவருக்கு போன் போட்டு 'நீங்க நல்லா இருக்கீங்களா?' என்று கேட்டேன். ஒருவர், "ஏம்மா, ஜோக்கு அவ்வளவு மோசமா?" என்று பயந்துவிட்டார். இன்னொருவர், "நீங்க கேட்டதே போதும்" என்றார்.

நேற்று மாலை இங்கேயும் நல்ல மழை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் குழுவில் பவித்ராவின் செய்தி வந்தது.

'ஓடையில் தண்ணீர் இடுப்பளவு. தாண்டவில்லை. அக்கா வீட்டில் இருக்கிறேன். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.'

கேள்வி பதில் இல்லை. ஆச்சரியக்குறி இல்லை. நடுவர் மார்க் போடவில்லை.

படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை... பல நாளைக்குப் பிறகு ராத்திரி தூக்கம் வந்தது.